தொண்ணூறாம் பக்கத்தில் மூடிய புத்தகம்

கேள்வி இதுதான்: "நண்பர் சொன்னாரே என்று ஸ்டீவன் எரிக்சனின் 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' நாவலை எடுத்தேன். திறந்ததும் வரைபடம், அடுத்து பாத்திரப் பட்டியல், அப்புறம் வாயில் நுழையாத பெயர்கள். தொண்ணூறு பக்கத்தோடு மூடிவிட்டேன். எபிக் ஃபேண்டசி என்கிற, தனி உலகத்தையே கற்பனை செய்து எழுதும் இந்த மந்திரக் கதைகளில் இத்தனை பேர் எதைத்தான் ரசிக்கிறார்கள்? எனக்கும் அது வாய்க்குமா? எங்கிருந்து தொடங்கலாம்?"

வாய்க்கும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வாசிப்பிலும் கோளாறு இல்லை, அந்தப் புத்தகத்திலும் இல்லை. நீச்சல் பழக வந்தவரை நண்பர் நடுக்கிணற்றில் இறக்கிவிட்டார், அவ்வளவுதான்.

எரிக்சன் தொல்லியலும் மானுடவியலும் கற்றவர். மண்ணைத் தோண்டும்போது முதலில் கையில் கிடைப்பது பானையின் விளிம்புத் துண்டு ஒன்று. அது எந்தக் காலத்துப் பானை, யார் வனைந்தது, எப்படி உடைந்தது என்பதெல்லாம் பல குழிகள் தோண்டிய பிறகே தெரியவரும். அவருடைய நாவலும் அதே வரிசையில்தான் நமக்குக் கிடைக்கிறது. அந்த உலகத்தை அவரும் அவர் நண்பர் இயன் எஸ்ஸில்மாண்டும் ஆளுக்கொரு பாத்திரமாகி தாங்கள் ஆடிய ரோல்பிளேயிங் விளையாட்டுக்காக முதலில் உருவாக்கினார்கள். நாவல் எழுத உட்கார்ந்தபோது அந்த உலகத்துக்கு ஏற்கெனவே நீண்ட வரலாறு இருந்தது. 1999இல் தொடங்கி 2011இல் முடிந்த பத்து பாகத் தொடரின் முதல் பாகத்தைத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். இந்த வகையில் நிறையப் படித்தவர்களே அதில் திணறுவதுண்டு.

இந்த வகையை ரசிக்க ஒரு பழக்கம் வேண்டும்: கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கச் சம்மதிப்பது. மற்ற நாவல்களில் உலகம் நமக்கு முன்பே அறிமுகம். ரயில் நிலையத்தில் ஒருவன் காத்திருக்கிறான் என்று எழுதினால் போதும், ரயில் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. எபிக் ஃபேண்டசியில் அந்த அறிமுகம் கிடையாது. ஆசிரியர் ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி விளக்கினால் கதை நகராது. அதனால் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் கூடத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பதுபோல நம்மை உட்கார வைத்துவிடுகிறார். குழந்தைக்குப் பாதி சொற்கள் புரியாது. ஆனால் யாருடைய பெயர் வரும்போது குரல் தாழ்கிறது, எந்த ஊரின் பெயரைக் கேட்டதும் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அப்படித்தான் ஒரு குடும்பத்தின் கதையே அதற்குள் இறங்குகிறது. இந்த நாவல்களின் முதல் நூறு பக்கத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

நீங்கள் படித்த புத்தகத்தின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கோட்டை மதிலில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் நிற்கிறான். கீழே நகரின் ஏழைக் குடியிருப்பு எரிகிறது, புகை மேலே வருகிறது. பக்கத்தில் போர் பார்த்து அலுத்துப்போன படைத்தலைவன் ஒருவன். நானும் ஒருநாள் போர்வீரன் ஆவேன் என்கிறான் பையன். வேறு எதிலுமே தேறாமல் போனால் மட்டும் இதற்கு வா என்ற பொருளில் அவனுக்குப் பதில் கிடைக்கிறது. இதே சில பக்கங்களில் பேரரசரின் பெயர், கோட்டையின் பெயர், இரண்டு விதமான ஆண்டுக்கணக்கு எல்லாம் வந்து விழுகின்றன. நீங்கள் அவற்றைப் பிடிக்கப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே பிடிக்க வேண்டியது பையனையும், புகை வாடையையும், அந்த அலுத்த குரலையும். பெயர்கள் முக்கியமானவையாக இருந்தால் தாமாகத் திரும்பி வரும். மூன்றாவது முறை வரும்போது பதிந்துவிடும்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றை நாம் ஆங்கிலத்தில் படிக்கிறோம். புரியாத சொல் ஒன்று வந்தால், அது நமக்குத் தெரியாத ஆங்கிலச் சொல்லா, ஆசிரியர் புதிதாக உண்டாக்கிய சொல்லா என்று தெரியாது. அகராதியைத் திறக்கிறோம், அங்கே இல்லை. நமக்குத்தான் ஆங்கிலம் போதவில்லை போல என்று மனம் சோர்ந்துவிடுகிறது. நானும் வெகுநாள் அப்படி நினைத்தேன். ஆங்கிலத்திலேயே வளர்ந்தவருக்கும் அந்தச் சொல் புரியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அத்தியாயம் முடியும்வரை அகராதியைத் தொடாமல் படித்துப் பாருங்கள். பின்னிணைப்பில் இருக்கும் சொற்பட்டியலையும் முதல் வாசிப்பில் விட்டுவிடலாம். சில தொடர்களின் பட்டியல்களில், யார் யாருக்குப் பிள்ளை, யார் எப்போது இறந்தார் என்பதுவரை போட்டு கதையையே கெடுத்துவிடுவார்கள்.

என் வழக்கம், ஒரு காகிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வது. பெயருக்குப் பக்கத்தில் நானே ஒரு அடையாளம் எழுதிக்கொள்வேன்: "வடுமுகம்", "பொய் சொல்கிற அக்கா", "குதிரைக்காரர்" என்று. அரைப்பக்கத்துக்கு மேல் எந்தப் புத்தகத்துக்கும் தேவைப்பட்டதில்லை. வரைபடத்தை யாராவது பயணம் கிளம்பும்போது பார்த்தால் போதும்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு எதை ரசிக்கிறார்கள்? என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஜே.ஆர்.ஆர்.டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை முதல் முறை நான் பாதியில் விட்டேன். எல்ராண்ட் என்பவரின் வீட்டில் ஆலோசனைச் சபை கூடும் அத்தியாயம் அது. மிக நீளமானது, முழுக்கப் பேச்சு. ஆளாளுக்குத் தங்கள் நாட்டுச் செய்திகளைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். குளோயின் என்ற முதிய குள்ளர், பாலின் என்பவர் தம் கூட்டத்தோடு மோரியா என்ற பழைய சுரங்க நகரத்தை மீட்கப் போனதையும், வெகுகாலமாக அங்கிருந்து ஒரு செய்தியும் இல்லை என்பதையும் சொல்கிறார். இதெல்லாம் எனக்கு எதற்கு என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து மறுபடி எடுத்து, அந்தச் சபையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். இரண்டு அத்தியாயம் தள்ளி, பயணிகள் மோரியாவின் இருட்டுக்குள் ஓர் அறையை அடைகிறார்கள். மேலே ஒரு துளை வழியாக ஒற்றைக் கற்றை வெளிச்சம் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் ஒரு கல்லறை. பாலினுடையது. பக்கத்தில் வெட்டுப்பட்டு, பாதி எரிந்து, கறைபடிந்த பதிவேடு ஒன்று கிடக்கிறது. காண்டால்ஃப் என்ற மந்திரவாதி அதன் கிழிந்த தாள்களைப் பிரித்து, தெரிகிற வரிகளை மட்டும் வாசிக்கிறார். கடைசி வரி இழுபட்ட கையெழுத்தில் இருக்கிறது: அவர்கள் வருகிறார்கள். வாசித்து முடித்த சற்று நேரத்தில், அந்தப் பதிவேட்டில் எழுதியிருந்த அதே முரசொலி இப்போது அடியாழத்திலிருந்து கேட்கிறது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சபையில் நான் சலித்துக்கொண்டு கேட்ட செய்தியின் பதில் இங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சலிப்பான பேச்சைக் கேட்டிருக்காவிட்டால் இது வெறும் சண்டைக்காட்சியாகப் போயிருக்கும். பாலின் இறந்ததற்கு நான் வருந்தியிருக்க மாட்டேன். டோல்கீனின் முந்தைய நாவலான 'தி ஹாபிட்' (1937) படித்தவர்களுக்கு இது இன்னும் வலிக்கும், அதில் பாலின் நமக்கு மிகவும் பிடித்துப்போகிற பாத்திரம். பல பக்கங்களுக்கு முன் போட்ட விதை, நாம் மறந்திருக்கும் நேரம் பார்த்து முளைக்கிறது. இதற்கு நீளம் வேண்டும். சிறுகதையில் இதைச் செய்ய முடியாது. நான் இந்த வகையை நேசிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அதே நாவலில் இன்னொரு இடம். இரவில், பாழடைந்த காவற்கோபுரம் இருந்த குன்றில், பயந்துபோயிருக்கும் நண்பர்களுக்கு, வழிகாட்டியாக வரும் அரகார்ன், பெரன்-லூதியன் என்ற பழைய காதலர் கதையைப் பாடிச் சொல்கிறார். நாவலுக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் அந்த வரிகளில் ஒரு கனம் தெரியும். டோல்கீன் அந்தக் காதல் கதையை முதலில் எழுதியது 1917இல். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வெளிவந்தது 1954, 1955 ஆண்டுகளில். இடையில் ஏறக்குறைய நாற்பது வருடம் அந்தக் கதை அவரோடு வாழ்ந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த மொழியியல் பேராசிரியர் அவர். முதலில் மொழிகளை உருவாக்கினார், அந்த மொழிகளைப் பேச மக்களும் மக்களுக்கு வரலாறும் தேவைப்பட்டன. பெயர்ப்பலகை வைத்தாற்போல் நிற்கும் உலகத்துக்கும், பின்னால் உண்மையிலேயே ஆழம் இருக்கும் உலகத்துக்கும் உள்ள வித்தியாசம் வாசிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

மந்திரம் என்று வந்துவிட்டாலே தர்க்கம் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் மணிமேகலையை நினைத்துப் பாருங்கள். கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் முதல் பிச்சையை ஒரு கற்புடைய பெண் இட வேண்டும், ஆதிரை வந்து இடுகிறாள், அதன் பிறகுதான் அது அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் ஆகிறது. வேற்றுருக் கொள்ளும் மந்திரம் அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிக் காயசண்டிகையின் உருவத்தை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி, அவளை நாடி வந்த இளவரசன் உதயகுமாரனை வெட்டிவிடுகிறான். மந்திரத்துக்கு விதி இருக்கிறது, விலையும் இருக்கிறது. நல்ல எபிக் ஃபேண்டசி முழுக்க இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. பிராண்டன் சாண்டர்சன் 2007இல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: மந்திரத்தால் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டுமென்றால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுதான் தீர்க்கலாம். அவருடைய 'மிஸ்ட்பார்ன்' (2006) நாவலில் உலோகத் துகள்களை விழுங்கி வயிற்றில் எரித்துச் சக்தி பெறுகிறார்கள். எந்த உலோகத்துக்கு என்ன சக்தி என்பது கணக்குப்போல இருக்கும். துகள் தீர்ந்தால் சக்தியும் தீர்ந்தது.

"இதெல்லாம் நிஜத்திலிருந்து ஓடி ஒளிவது" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். டோல்கீன் 1939இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். சிறையில் இருப்பவன் வெளியே போக நினைப்பதும், போர்க்களத்தை விட்டு ஓடுவதும் ஒன்றல்ல என்று அதில் வாதிடுகிறார். அதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. 1916இல், முதல் உலகப்போரின் சோம் போர்க்களத்தில் இருந்தவர் அவர். 1918க்குள் ஒருவரைத் தவிர அவருடைய நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாயகன் ஃப்ரோடோ போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் பழைய ஆளாக ஆக முடிவதில்லை. ஆண்டுதோறும் காயம்பட்ட நாளில் அந்தக் காயம் வலிக்கிறது. போர் முடிந்தவர்களின் வாழ்க்கையைப் பற்றி இதைவிட உண்மையாக எழுதிய பக்கங்கள் நான் அதிகம் படித்ததில்லை.

இனி, எங்கிருந்து தொடங்குவது. "கட்டாயம் படிக்க வேண்டியவை" பட்டியல்களை ஒதுக்கிவிட்டு, இதுவரை எந்த மாதிரிக் கதைகள் உங்களைத் தூங்கவிடாமல் செய்தன என்று யோசியுங்கள். ஆனாலும் ஒரே ஒரு புத்தகம் சொல் என்றால், உர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) என்பேன். சிறிய புத்தகம், தெளிந்த ஆங்கிலம். கடலும் தீவுகளும் மட்டுமே உள்ள உலகம். தொடக்கத்திலேயே ஓர் அருமையான காட்சி. ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன், தன் தாயின் சகோதரி ஓர் ஆட்டைப் பார்த்து ஏதோ சொல்வதையும் ஆடு இறங்கி வருவதையும் பார்க்கிறான். மறுநாள் பொருள் தெரியாமலே அந்தச் சொற்களைத் தன் மந்தையிடம் சொல்கிறான். எல்லா ஆடுகளும் ஓடிவந்து, மஞ்சள் கண்களால் அவனையே பார்த்தபடி, நெருக்கியடித்துச் சூழ்ந்துகொள்கின்றன. விலகவே மறுக்கின்றன. அவனுக்கு அழைக்கத் தெரியும், விடுவிக்கத் தெரியாது. தாயின் சகோதரி வந்து அவிழ்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிறுவன் வளர்ந்து, கர்வத்தால் அழைக்கக்கூடாத ஒன்றை அழைத்துவிடுவதுதான் கதை. முழு நாவலும் அந்த ஆட்டு மந்தைக்குள்ளேயே இருக்கிறது.

அரண்மனைச் சூழ்ச்சி, வாரிசுப் போட்டி, யாரை நம்புவது என்று தெரியாத பதற்றம் என்றால் ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின் எழுதிய 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' (1996). ஒவ்வோர் அத்தியாயமும் ஒருவர் கண்வழியே சொல்லப்படுவதால் நிறையப் பாத்திரங்கள் இருந்தும் தொலைந்துபோக மாட்டீர்கள். வன்முறை கடுமையாக இருக்கும், அதைத் தெரிந்தே எடுங்கள். ஏழு பாகமாகத் திட்டமிட்டது, ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது, மீதி இரண்டும் இன்னும் வரவில்லை.

ஒரே மனிதனின் நெஞ்சுக்குள் நெடுநாள் இருக்க வேண்டும் என்று தோன்றினால் ராபின் ஹாபின் 'அசாசின்ஸ் அப்ரென்டிஸ்' (1995). இளவரசன் ஒருவனுக்கு முறைதவறிப் பிறந்த ஆறு வயதுப் பையனை, பையனின் தாய்வழித் தாத்தா கொண்டுவந்து காவலர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறார். அந்தப் பையனே வளர்ந்து பெரியவனான பிறகு கதை சொல்கிறான். மெதுவாக நகரும். அந்த மெதுவே அதன் பலம், ஏனென்றால் அவனுக்குக் கிடைக்கும் சின்னச்சின்ன அன்பெல்லாம் நமக்குக் கிடைத்ததுபோல ஆகிவிடுகிறது.

ஒரே பாகத்தில் முடிய வேண்டுமா? கை கவ்ரியல் கேயின் 'டிகானா' (1990). மகனைப் போரில் இழந்த மந்திரவாதி அரசன், பழிவாங்க எதிரி நாட்டின் பெயரையே அழித்துவிடுகிறான். அங்கே ஏற்கெனவே பிறந்தவர்களைத் தவிர வேறு யார் காதிலும் அந்தப் பெயர் விழாது. அவர்களும் ஒவ்வொருவராக இறந்தால் பெயரும் போய்விடும். தன் மொழிமேல் பற்றுள்ள எவரையும் இந்த நாவல் உலுக்காமல் விடாது. இந்த கே இளைஞராக இருந்தபோது, டோல்கீன் மறைந்த பிறகு 'தி சில்மரில்லியன்' (1977) நூலைத் தொகுக்க அவர் மகனுக்கு உதவியவர்.

என்.கே.ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' (2015) படித்தவர்களை இரண்டாக்கும். அதன் ஒரு பகுதி உங்களை "நீ" என்று அழைத்தே நகர்கிறது. அது தொடங்கிவைக்கும் தொடரின் மூன்று பாகங்களும் 2016, 2017, 2018 என அடுத்தடுத்து சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதைப் பெற்றன. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ படியுங்கள். தமிழிலேயே இந்தப் பரப்பை உணர வேண்டுமென்றால் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) இருக்கிறது. கற்பனை நகரம் ஒன்றின் பல காலங்களைச் சொல்லும் நாவல், பொறுமை கேட்கும்.

பாகங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' பதினான்கு பாகம், 1990இல் தொடங்கி 2013இல்தான் முடிந்தது. ஜோர்டன் 2007இல் இறந்துவிட, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களை எழுதினார். பதினான்கையும் முடிப்பேன் என்று யாரும் சபதம் செய்யத் தேவையில்லை. முதல் பாகத்தைப் படியுங்கள், அடுத்ததை எடுக்கக் கை போனால் எடுங்கள். வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள், கதைக்குள் எது முன்னால் நடந்தது என்ற வரிசையில் வேண்டாம். ஆசிரியர் எந்த ரகசியத்தை எப்போது உடைத்தாரோ அப்போதே நமக்கும் உடைய வேண்டும். கூடுமானால் தினமும் கொஞ்சம் படியுங்கள். இருபது பக்கமானாலும் போதும். பத்து நாள் இடைவெளி விட்டால் பாதிப் பெயர்கள் மறந்து, மறுபடி வெளியாள் ஆகிவிடுவோம்.

நீங்கள் மூடிவைத்த புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இன்னும் நாலைந்து நாவல்கள் படித்துவிட்டு அதற்குத் திரும்புங்கள். மதிலில் நின்ற அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன், ஏழு ஆண்டுகள் கழித்து படை அதிகாரியாகி, கொல்லப்பட்டுக் கிடக்கும் வீரர்களுக்கு நடுவே வந்து நிற்கிறான். நீங்கள் படித்த அந்தத் தொண்ணூறு பக்கத்துக்குள்ளேயே அது வந்துவிட்டது. பெயர்க் கூட்டத்தில் அவனை அடையாளம் தெரியாமல் தாண்டியிருப்பீர்கள். அவன் பெயர் கானோஸ் பாரன். அடுத்த முறை அந்த ஒரு பெயரை மட்டும் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.